கிராண்டு இல்லாத ஊர்

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் காலை பத்து மணிக்கு மேல் சாப்பாட்டுக் கடைகள் கொஞ்சம் மூச்சுவிடும். தோசை வேலை முடிந்திருக்கும். மதியத்துக்கு இலை போட இன்னும் நேரமிருக்கும். உட்கார்ந்து பேச நல்ல நேரம் அது. போன மாதம் அப்படி ஒரு காலையில், ஷா ஆலமில் பிறந்து வளர்ந்த என் நண்பர் மகனோடு தே குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. பேத்தி கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தவர், எங்களோடு பேச்சுக் கொடுத்தார்.

"ஆன்ட்டி எந்த ஊரு?" என்று இவன் கேட்டான்.

காப்பார் சாலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெயரைச் சொன்னார். இவன் கைப்பேசியில் தேடினான், கிடைக்கவில்லை.

"இப்ப அங்க தோட்டம் இல்லப்பா. மரத்தயெல்லாம் சாய்ச்சிட்டாங்க. லயத்த உடைச்சு இருபத்தஞ்சு வருசம் இருக்கும். பேக்டரி நிக்கிது."

"அப்ப இப்ப எங்க இருக்கீங்க?"

"கிள்ளான்லதான், பிளாட்டுல. சொந்த வீடு."

அவர் போன பிறகு இவன் என் பக்கம் திரும்பினான். "சொந்த வீட்டுல இருபத்தஞ்சு வருசமா இருக்காங்க, அங்கிள். ஆனா ஊருன்னு கேட்டா இல்லாத தோட்டத்தச் சொல்றாங்க. அந்தத் தோட்டத்துல ஒரு கல்லுகூட அவங்களோடது இல்ல. ஏன்?"

இன்னும் இரண்டு தே சொல்லிவிட்டு அவனுக்கு விளக்க முயன்றேன். அன்று பேசியதை, விட்டுப்போனதையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன். நானும் தோட்டத்தில் பிறந்தவன். என் அம்மா பால்மரம் வெட்டியவர்.

'ஊர்' என்ற சொல்லிலிருந்து தொடங்குவோம். அதை நாம் எப்படிப் புழங்குகிறோம் என்று கவனித்துப் பாருங்கள். சென்னை விமான நிலையத்தில் ஒருவர் "எந்த ஊர்?" என்று கேட்டால் மலேசியா என்கிறோம். பினாங்கில் கேட்டால் கிள்ளான். கிள்ளானில் கேட்டால் தோட்டத்தின் பெயர். அதே தோட்டத்துக்காரர் கேட்டால் "மேட்டு லயம், கோயிலுக்குப் பின்னால" என்று சொல்வோம். நான்கு பதிலும் உண்மை. கேட்கிறவர் யார், நமக்கு எவ்வளவு நெருக்கம் என்பதைப் பொறுத்து ஊர் பெரிதாகிறது, சிறிதாகிறது.

வாலன்டைன் டேனியல் என்ற மானிடவியலாளர், இலங்கையில் பிறந்தவர், திருச்சி மாவட்டக் கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ந்து 1984-இல் 'ஃப்ளூயிட் சைன்ஸ்' என்று ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அதில் ஓர் அத்தியாயம் முழுக்க இந்தச் சொல்லைப் பற்றியது. நாடு, கிராமம் என்பவற்றுக்கு அரசாங்கம் கோடு போட்டு எல்லை வைத்திருக்கிறது. யார் சொன்னாலும் அந்த எல்லை மாறாது. ஊர் அப்படியில்லை, அது ஆளைச் சுற்றி அமைவது என்கிறார். இன்னொன்றும் சொல்கிறார். ஊர் மண்ணின் குணம் அதில் விளைவதைத் தின்று, அதன் தண்ணீரைக் குடித்து வாழ்கிறவரின் உடம்பில் கலக்கிறது என்று தமிழர்கள் நம்புகிறார்கள். அதனால்தான் ஒருவரைப் புரிந்துகொள்ள அவர் ஊரைக் கேட்கிறார்கள். புது இடத்துக்குப் போய்ச் சளி பிடித்தால் "தண்ணி ஒத்துக்கல" என்கிறோமே, அந்த நம்பிக்கையின் மிச்சம்தான் அது.

இதை வைத்துப் பார்த்தால் பையனின் கேள்வியில் பாதிக்கு விடை கிடைத்துவிடுகிறது. வீடு யார் பேரில் இருக்கிறது என்பது கிராண்டு என்கிற நிலப்பத்திரம் சம்பந்தப்பட்ட விஷயம். ஊர் எது என்பது, எந்த மண்ணில் உன்னை ஆளாக்கினார்கள், எங்கே உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆட்கள் இருந்தார்கள் என்பது. அந்த அம்மாவிடம் இவன் இரண்டாவதைக் கேட்டுவிட்டு முதலாவதை எதிர்பார்த்தான்.

மீதிப் பாதிதான் கடினம். தமிழ்நாட்டுக் கிராமத்தில் பத்துத் தலைமுறையாக இருந்தவர் அதை ஊர் என்பது சரி. வெள்ளைக்காரன் காட்டை அழித்து ரப்பர் நட்ட ஓர் இடம், கூலிக்கு ஆள் பிடித்து இறக்கிய இடம், அது எப்படி ஊரானது?

இறக்கப்பட்ட முறையிலேயே ஒரு காரணம் இருக்கிறது. கங்காணி தன் சொந்தக் கிராமத்துக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் போய் ஆள் சேர்த்தார். 1938-இல் இந்திய அரசு அதைத் தடை செய்யும்வரை இப்படித்தான் நடந்தது. அதனால் லயத்து வரிசை வீடுகளில் இறங்கியவர்கள் முன்பின் தெரியாதவர்கள் இல்லை. மாமன் மச்சான், பக்கத்துத் தெரு, எதிர் வீடு என்று ஏற்கெனவே முறை சொல்லிக் கூப்பிட்டவர்கள். வந்த உடனே ஒரு மரத்தடியில் கல் நட்டு மாரியம்மனையோ முனியாண்டியையோ வைத்தார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படித்தான் லயத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையில் தமிழ்ப்பள்ளி எழுந்தது. கோயில், பள்ளி, சுடுகாடு மூன்றும் நடக்கும் தூரத்தில் வந்துவிட்டன.

இன்னொரு காரணம் வேலை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் தோட்டப் பற்று என்றால் பலரும் கோயில் திருவிழாவைத்தான் நினைக்கிறார்கள். என் அம்மா விடிவதற்கு முன்பே, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பிரட்டுக்குப் போவார். பெயர் கூப்பிட்டு முடிந்ததும் காட்டுக்குள் இறங்கிவிடுவார்கள். இருட்டிலேயே வெட்டத் தொடங்குவதற்குக் காரணம் உண்டு: குளிர்ந்த நேரத்தில்தான் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏற ஓட்டம் நின்றுவிடும். ஒவ்வொருவருக்கும் நானூறு, ஐந்நூறு மரங்கள் பங்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் அதே மரங்கள். பட்டையில் சரிவாக, முந்தைய வெட்டுக்குக் கீழே, மெல்லிய சீவலாக வெட்ட வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் மரத்துக்குக் காயம், மண்டோரிடம் திட்டு. காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், பிறகு அங்கே கத்தி ஓடாது.

அம்மாவுக்கு அந்த முடிச்சுகள் ஒவ்வொன்றும் தெரியும். எந்த மரம் சாய்ந்து நிற்கும், எந்த மரத்தடியில் எறும்புப் புற்று, எதன் மங்கு சரியாக உட்காராமல் பால் சிந்தும், எந்த முடிச்சு யார் புதிதாக வேலைக்கு வந்தபோது போட்டது என்று விளக்கு இல்லாமலே சொல்வார். என் அக்கா பிறந்து நாற்பது நாளில் மறுபடி வெட்டப் போனபோது எந்த மரத்தடியில் மயங்கி உட்கார்ந்தார் என்பதும் அவருக்குத் தெரியும். பல ஆண்டுகள் ஒருநாள் விட்டு ஒருநாள் கையால் தொட்ட மரங்கள் அவை. அவை கம்பெனியின் மரங்கள் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். "என் மரம்" என்றுதான் கடைசிவரை சொன்னார்.

ஓர் இடத்தோடு பற்று வளரும் விதத்தைப் பற்றி உலகம் முழுக்க ஆய்வுகள் நடந்திருக்கின்றன. சீன வம்சாவளிப் புவியியலாளர் யீ-ஃபு துவான் 1974-இல், 1977-இல் எழுதிய இரண்டு நூல்கள் அதற்கு வழிகாட்டியவை. வெறும் வெளியாக இருப்பது, நாம் அதில் புழங்கிப் புழங்கி, அனுபவம் ஏற ஏற, நமக்கான இடமாகிறது என்பது அவர் கருத்தின் சாரம். அவர் ரப்பர்த் தோட்டத்தைப் பற்றி எழுதவில்லை. ஆனால் அதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் மரங்கள்தான் நினைவுக்கு வந்தன.

மூன்றாவது ஒன்று உண்டு. என் கணிப்பில் அதுதான் முக்கியமானது. இடத்துக்காகப் போராடுவது.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர்.எச். நாதன் என்பவர் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் அதன் பின்னே இருந்தது. சீனத் தொழிலாளருக்குச் சமமான சம்பளம், தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களைத் தொந்தரவு செய்வதை நிறுத்துதல், பிள்ளைகளுக்கு முறையான கல்வி என்று கோரிக்கைகள் நீண்டன. அவற்றுள் இரண்டை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் போக வேண்டும் என்பது ஒன்று. உறவினரும் நண்பர்களும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி வேண்டும் என்பது மற்றொன்று.

இரண்டாவது கோரிக்கையை யோசித்துப் பாருங்கள். விருந்தாளியை வரவேற்க முடியாத இடம் கூலிக்காரர் தங்கும் கொட்டகை. "எங்கள் வீட்டுக்கு ஆள் வரும், நீ தடுக்கக் கூடாது" என்று ஒருவர் கேட்கும்போது அவர் அந்த லயத்து அறையை வீடாக்கிவிட்டார். சைக்கிளும் அப்படித்தான்: என் ஊர்ச் சாலையில் நான் இறங்க மாட்டேன். மே மாதம் நாதனைக் கைது செய்து பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். வேலைநிறுத்தம் மேலும் பரவியது, துருப்புகளைக் கொண்டுவந்தார்கள், ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பும் எண்ணத்தில் மட்டும் இருந்தவர்கள் சைக்கிளுக்காக உயிரைப் பணயம் வைத்திருக்க மாட்டார்கள். கிள்ளான் தோட்டங்கள் தமிழருக்கு ஊரான ஆண்டு எது என்று என்னைக் கேட்டால் 1941 என்பேன்.

ஆனால் இந்த உறவைச் சட்டம் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போகும். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்தால்தான் அந்தக் கூரை. சுதந்திரத்தை ஒட்டி ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். துண்டாடல் என்று தோட்டத்தில் இதைச் சொல்வார்கள். ஒரு பெரிய தோட்டம் ஐம்பது பேர் கைக்கு மாறும்போது லயமும் பள்ளியும் கோயிலும் யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் போயின.

அந்த நேரத்தில் துன் வீ.தி. சம்பந்தன் செய்ததை நன்றியோடு சொல்ல வேண்டும். 1960 மே மாதம் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேருங்கள், விற்கப்படும் தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். பால்மரம் வெட்டியவர்களின் காசில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. ஊர்ப்பற்றுக்குக் கிராண்டு வாங்கித் தர முயன்ற மனிதர் என்று அவரை நான் நினைக்கிறேன். நாங்கள் தே குடித்த சாலை அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது; அந்த வழியே தினமும் நடப்பவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்?

அதன் பிறகு இன்னொரு அடி. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிப் பத்திரம் கட்டாயமானது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் கப்பலேறினார்கள். பலருக்கு அது திரும்பிப் போவதாக இல்லை. பிறந்த ஊரை விட்டுப் பார்த்திராத நாட்டுக்குப் போவதாக இருந்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் வளர்ச்சி மீதியை முடித்தது. பையனிடம் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினேன். பெட்டாலிங் ஜெயா எழுந்த நிலத்தில் எஃபிங்ஹாம் தோட்டம் இருந்தது. சுபாங் ஜெயா சீஃபீல்ட் தோட்டம். அவன் பிறந்த ஷா ஆலமின் பெரும்பகுதி சுங்கை ரெங்கம் தோட்டம். 1978-இல் அது சிலாங்கூரின் தலைநகரமானது. 1998 காமன்வெல்த் விளையாட்டுகள் நடந்த அரங்கம் நிற்பது புக்கிட் ஜாலில் தோட்டத்து மண்ணில். நாட்டின் நிர்வாகத் தலைநகரமான புத்ராஜெயா பெராங் பெசார் தோட்டம். அங்கிருந்தும் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் சில நூறு குடும்பங்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டன. பிரதமர் அலுவலகம் 1999-இல் புத்ராஜெயாவுக்குக் குடியேறியது. அந்தக் குடும்பங்கள் சுவர் விரிசல் விட்ட அடுக்குமாடியில் இருந்துகொண்டு, தரை வீடு கேட்டு ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்துக்கொண்டிருந்தன.

"புது வீடு கொடுத்தாங்கல்ல அங்கிள், அப்புறம் என்ன?" என்றான். கேட்க வேண்டிய கேள்விதான்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் வெஸ்ட் எண்ட் என்ற ஏழைகள் குடியிருப்பு இருந்தது. பெரும்பாலும் இத்தாலியக் குடியேறிகள். சேரி என்று முத்திரை குத்தி 1950களின் இறுதியில் நகர நிர்வாகம் அதை இடித்தது. வெளியேற்றப்பட்டவர்களை மார்க் ஃப்ரீட் என்ற உளவியலாளர் இடிப்பதற்கு முன்பும் பின்பும் நேரில் கண்டு பேசி, 1963-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் கண்டது இதுதான்: வசதியான வீட்டுக்குப் போனவர்களிலும் பலர், செத்துப்போன நெருங்கிய உறவுக்காக அழுவதைப்போல அந்த இடத்துக்காக அழுதார்கள். மனச்சோர்வு, உடல் உபாதைகள், தீராத ஏக்கம் எல்லாம் இருந்தன. சிலருக்கு ஆண்டுகள் கடந்தும் தீரவில்லை. போன இடத்தின் வசதி, இழந்த இடத்தின் துக்கத்தைக் கழித்துவிடவில்லை.

இழந்தது என்ன என்று நம் பக்கத்தில் தேட, ஒரு சாவு வீட்டைப் பார்த்தால் போதும். தோட்டத்தில் ஒருவர் போய்விட்டால் பிரட்டில் சொல்லிவிடுவார்கள். ஒரு மணி நேரத்தில் லயத்து முற்றத்தில் கொட்டகை எழும்பும். யார் அடுப்பு மூட்டுவது, யார் பறைக்குச் சொல்லி அனுப்புவது, யார் காப்பி ஆற்றுவது என்று யாரும் கேட்பதில்லை, அவரவர் வேலை அவரவருக்குத் தெரியும். அடுக்குமாடியில் பதினோராவது மாடியில் இறந்தவரின் உடலை அந்தக் குறுகிய மின்தூக்கியில் இறக்கியதை நான் பார்த்திருக்கிறேன். கீழே கார் நிறுத்துமிடத்தில் இரண்டு கார்களுக்கான இடத்தில் கூடாரம். இறந்தவரின் மகன், பெயர் தெரியாத அண்டை வீட்டுக்காரர்களிடம் காரை எடுக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்குக் கிராண்டு இருந்தது. அழ வந்து உட்கார முற்றம் இல்லை.

நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரர்கள் 'பாலேக் கம்போங்' என்று கிளம்பும்போது கோலாலம்பூர்ச் சாலைகள் காலியாகின்றன. அவர்கள் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு கம்போங் வீடு இருக்கிறது. தீபாவளிக்கு நம் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது? பேரங்காடியின் பின்பக்கக் கார் நிறுத்துமிடத்தைக் காட்டி, "இங்கதான் பாட்டி வீடு இருந்திச்சி" என்று சொல்கிற குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தோட்டம் சொர்க்கம் இல்லை. நாள்கூலி வயிற்றுக்கும் வாய்க்கும் பத்தாது. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, அன்றைக்குச் சம்பளமும் இல்லை. கள்ளு எத்தனையோ வீடுகளைத் தின்றது. பாம்பு, மலேரியா, கோலெடுத்த கங்காணி, சாதி பார்த்த லயம், எல்லாம் உண்டு. என் அக்கா தோட்டத்தை விட்டுப் போன நாளைத் தன் வாழ்க்கையின் நல்ல நாள் என்பார். அவர் சொல்வதும் நிஜம். ஓர் இடத்தின் மேல் பற்று இருக்கிறது என்றால் அந்த இடம் நல்லது என்று பொருளாகாது. அக்காவே பங்குனி மாதம் திருவிழா என்றால் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். தோட்டம் போய்க் கோயில் மட்டும் நிற்கிற இடங்களில், ஆண்டுக்கு ஒருநாள் நாலா பக்கத்திலிருந்தும் கார்கள் வந்து நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கஷ்டத்தை மறந்தவர்கள் இல்லை அவர்கள். அந்தக் கஷ்டத்தைச் சேர்ந்து பட்டவர்களைத் தேடி வருகிறார்கள்.

நாங்கள் உட்கார்ந்திருந்த பிரிக்பீல்ட்ஸ் வேறு வகை ஊர். 1881-இல் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்த பிறகு, அத்தாப்புக்கும் மரத்துக்கும் பதிலாகச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. சூளைகள் இங்கே எழுந்தன, பெயரும் அப்படி வந்தது. 1886-இல் கிள்ளான் பக்கம் ரயில் ஓடத் தொடங்கியதும் கம்பிச்சடக்குக்காரர்களின் ஊரானது. தண்டவாளம் போட்டவர்கள் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள்; கணக்கும் நிலையமும் பார்த்தவர்களில் பெரும்பாலோர் யாழ்ப்பாணத் தமிழர்கள். ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயிலை அவர்கள் யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயிலை மனத்தில் வைத்துக் கட்டினார்கள். நல்லூரை நினைத்துக்கொண்டே பிரிக்பீல்ட்ஸ்காரர்களாக வாழ முடிந்தது. ஒருவருக்கு இரண்டு ஊர் இருப்பதில் முரண் ஒன்றும் இல்லை.

ரயில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்த்த பழைய முற்றத்தில் 2001-இல் கேஎல் சென்ட்ரல் திறந்தது. ஊழியர்களுக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய 'நூறு குவார்ட்டர்ஸ்' வரிசை வீடுகள் 2010களில் இடிபட்டன. 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப்பும் சேர்ந்து 'லிட்டில் இந்தியா'வைத் திறந்துவைத்தார்கள். வளைவும் வண்ணமும் வந்தன. குடியிருந்தவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். ஓர் ஊரை அலங்கரிப்பது வேறு, அதில் ஆட்கள் குடியிருக்க வழி செய்வது வேறு. பிரிக்பீல்ட்ஸில் முதலாவதுதான் நன்றாக நடந்தது.

ஆனால் ஓர் இடத்தில் மக்கள் விட்டுக்கொடுக்கவில்லை. 1904-இல் எழுந்த விவேகானந்தா ஆசிரமத்தின் நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டும் திட்டத்தை 2014-இல் அறங்காவலர்கள் முன்வைத்தார்கள். நிலம் அவர்கள் பொறுப்பில் இருந்தது. சட்டப்படி கேட்டால் முடிவும் அவர்களுடையது. ஊர் எழுந்தது. அங்கே படித்தவர்கள், பக்கத்தில் வளர்ந்தவர்கள், அந்த வழியே பேருந்துக்கு நடந்தவர்கள் எல்லாம் கையெழுத்துப் போட்டார்கள். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் கையில் இருந்தது. 2016-இல் ஆசிரமம் மரபுடைமையாக அரசிதழில் ஏறியது. கிராண்டில் பெயர் இல்லாதவர்களின் உரிமையைச் சட்டம் ஒரு தடவையாவது காதில் வாங்கியது. தோட்டங்களுக்கு இப்படி ஒரு சட்டம் அன்று இருந்து, கேட்க ஆளும் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் இன்னொரு கூட்டத்தாரையும் காட்டினேன். 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கே இருப்பதால், பார்வையற்றவர்கள் பலர் இந்த வட்டாரத்தில் குடியிருக்கிறார்கள், வேலை செய்கிறார்கள். ஒருவர் வெள்ளைக்கோலோடு எங்களைக் கடந்து போனார். பூக்கடையின் மல்லிகை வாசம் வந்ததும் நடையைக் குறைத்தார், கேசட் கடைப் பாட்டுச் சத்தம் இடக்காதுக்கு வந்ததும் திரும்பினார், சாலையைக் கடந்து நேராக அப்பக் கடை முன்னால் போய் நின்றார். நமக்குக் கண் இருப்பதால் இடத்தை உடம்பு எப்படி எழுதி வைத்துக்கொள்கிறது என்று தெரிவதில்லை. லண்டனில் ஜான் ஓகீஃப் 1971-இல் எலிகளின் மூளையில் இதைக் கண்டுபிடித்தார்: ஒவ்வோர் இடத்துக்கும் என்று குறிப்பிட்ட செல்கள் உயிர்பெறுகின்றன. 2014-இல் அவருக்கும், அந்தப் பணியை மேலே கொண்டுபோன நார்வேயின் மோசர் இணையருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பழகிய இடத்தின் வரைபடம் மூளைக்குள்ளேயே இருக்கிறது என்பது உவமை இல்லை, உடற்கூற்று உண்மை. தெருவை மாற்றினால் அந்த மனிதர் தன் நடையை மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டும். லயம் போனபோது என் அம்மாவும் அப்படித்தான், அடுக்குமாடியில் இரவில் எழுந்து, பழைய வீட்டில் கதவு இருந்த பக்கம் போய்ச் சுவரில் கை வைத்து நிற்பார்.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஷா ஆலம்ல நான் படிச்ச ஸ்கூலு பேரு மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி. தோட்டம்னு ஏன் இருக்குன்னு ஒருநாளும் யோசிச்சதில்ல" என்றான்.

அதைத்தான் கடைசியாகச் சொல்ல வந்தேன். மரம் போனது, லயம் போனது. பள்ளிகள் பெயரை விடவில்லை. ஷா ஆலமில் மிட்லண்ட்ஸ், பண்டார் உத்தாமாவில் எஃபிங்ஹாம், சுபாங் பக்கம் சீஃபீல்ட், பூச்சோங்கில் கின்ராரா, காசல்ஃபீல்ட், கோலாலம்பூரில் எடின்பரோ தோட்டம், புக்கிட் ஜாலில் தோட்டம். வெள்ளைக்காரத் துரை தன் நாட்டு நினைப்பில் வைத்த பெயர்கள் பல. இன்று அந்தப் பெயர்களைச் சுமப்பவை தமிழ்ப்பள்ளிகள். கிள்ளான் பள்ளத்தாக்கில் நம் ஊர்களின் பட்டியல் வேண்டுமென்றால் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

பிள்ளையை அந்த மாதிரிப் பள்ளியில் இறக்கிவிடுகிற பெற்றோருக்கு என் வேண்டுகோள் ஒன்று. அந்தத் தோட்டம் எங்கே இருந்தது, லயங்கள் எத்தனை, கோயில் எந்தப் பக்கம், சுடுகாடு எந்தப் பக்கம், ஆயாக் கொட்டகையில் யார் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள் என்று தெரிந்தவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். அநேகமாக எல்லாருக்கும் எழுபதுக்கு மேல். உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, தோட்டத்தை வரையச் சொல்லுங்கள். வரையத் தெரியாவிட்டால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் வரையுங்கள். தேதி போட்டு ஒரு பிரதியைப் பள்ளி நூலகத்தில் கொடுத்துவிடுங்கள். நண்பர் மகன் அந்த வாரமே தொடங்கிவிட்டான். அவன் பாட்டி முதலில் வரையச் சொன்னது கிணற்றடி.